பாண்டு முடியும் தேதி

அன்புள்ள ஐயா,

இசிஇ முடித்து, கல்லூரி வளாகத் தேர்விலேயே வேலை கிடைத்தது. சென்னை ஓஎம்ஆரில் ஒரு ஐடி சேவை நிறுவனம். சேர்ந்து 14 மாதம் ஆகிறது. ஆண்டுச் சம்பளம் 3.6 லட்சம். சப்போர்ட் புராஜெக்ட், டிக்கெட் (கோளாறுப் புகார்) வந்தால் பார்த்து மூட வேண்டும், வாரம் விட்டு வாரம் நைட் ஷிஃப்ட். இரண்டு வருட பாண்டு, இடையில் போனால் ஒரு லட்சம் கட்ட வேண்டும். நோட்டீஸ் 90 நாள். இப்போது பெங்களூரு கம்பெனி ஒன்று 6.5 லட்சம் தருகிறேன் என்கிறது. "ஒரு லட்சத்தைத் தூக்கிப் போட்டுட்டு வாடா" என்கிறான் நண்பன். "மூணு வருஷமாவது ஒரே இடத்துல நில்லு, தாவிக்கிட்டே இருந்தா எவன் நம்புவான்" என்கிறார் அப்பா. முதல் வேலையில் எவ்வளவு காலம் இருக்க வேண்டும்?

ம., விருதுநகர் மாவட்டம்

அன்புள்ள ம.,

நண்பரும் சரி, அப்பாவும் சரி, கணக்குப் போட்டுப் பார்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை. முதலில் அதைப் போட்டுவிடுவோம்.

3.6 லட்சம் என்றால் மாதம் 30,000. அதிலேயே கம்பெனி கட்டும் பிஎஃப் 1,800, கிராஜுவிட்டி எனும் பணிக்கொடைக்கென்று ஒதுக்குவது 700 சொச்சம், பிறகு உங்கள் பங்கு பிஎஃப் 1,800, தொழில் வரி. கைக்கு வருவது ஏறத்தாழ 25,500. பெங்களூரு 6.5 லட்சத்தில் வேரியபிள் (வேலைத் திறனைப் பொறுத்துக் கூடிக் குறையும் பங்கு) எவ்வளவு என்று கேட்டீர்களா? 10 சதவீதம் என்றால் நிலையான பங்கு 5.85 லட்சம்தான். அதே பிடித்தங்கள் போக மாதம் 43,500 வரும். புதிய வரி முறையில் இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. ஆக, வித்தியாசம் மாதம் 18,000.

நாளைக்கே ராஜினாமா கொடுத்தாலும் 90 நாள் நோட்டீஸ் முடியும்போது 17 மாதம் ஆகியிருக்கும். பாண்டு முடிய மீதி 7 மாதம். முன்னதாகப் போவதால் கூடுதலாகக் கிடைப்பது 7 x 18,000 = 1,26,000. பாண்டுக்கு ஒரு லட்சம் கட்டினால் மிச்சம் 26,000. பெங்களூரு வீட்டு அட்வான்ஸும் வாடகை வித்தியாசமும் அதை விழுங்கிவிடும். இந்த அவசரத்தில் லாபம் ஏதும் இல்லை.

அப்பாவின் மூன்று வருடத்துக்கும் பணக்கணக்கு ஒத்துவரவில்லை. நீண்டநாள் இருந்தால் கிடைக்கும் பெரிய தொகை கிராஜுவிட்டி; அதற்கு ஐந்து வருடம் வேண்டும், மூன்று போதாது. ஐந்தாம் வருட முடிவில் அடிப்படைச் சம்பளம் 20,000 ஆகியிருந்தால், அதை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, ஐந்தால் பெருக்குங்கள்: 57,692 ரூபாய். இதற்காக யாரும் இன்னும் மூன்றே முக்கால் வருடத்துக்கு மேல் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் அப்பாவின் பயம் முழுக்கத் தவறும் இல்லை. முதல் வேலையில் ஒரு வருடம், அடுத்ததில் எட்டு மாதம் என்று ரெஸ்யூமே இருந்தால் நேர்முகத் தேர்வில் பாதி நேரம் அதற்கு விளக்கம் சொல்வதிலேயே போகும்.

என் யோசனை, 24 மாதம். நல்ல பிள்ளை என்று பெயர் வாங்க இல்லை. நௌக்ரி போன்ற தளங்களில் ஆள் தேடுபவர் அனுபவ வருடத்தைப் போட்டுத்தான் வடிகட்டுகிறார். '2 முதல் 4 வருடம்' என்பது அப்படிப் போடும் ஒரு கட்டம். 17 மாதக்காரர் ஃபிரெஷரும் இல்லை, அந்தக் கட்டத்திலும் இல்லை. உங்களுக்கு ஒரு அழைப்பு வந்தது நல்லது. அது நின்றுபோனால் அடுத்தது வரத் தாமதமாகும்.

24 மாதம் என்றதும் இன்னும் பத்து மாதம் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். 24ஆம் மாத முடிவில் வெளியேற வேண்டுமானால் 21ஆம் மாதம் முடியும்போது ராஜினாமா போயிருக்க வேண்டும். அதற்குள் கையில் ஆஃபர் வேண்டும், ஆகவே 19ஆம் மாதமே இன்டர்வியூவுக்குப் போகத் தொடங்க வேண்டும். படிக்க உங்களுக்குக் கிடைப்பது ஐந்து மாதம்தான்.

இந்தத் தேதிகளைக் குறிக்கும் முன் பாண்டு காகிதத்தை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். இரண்டு வருடம் எந்த நாளிலிருந்து? சேர்ந்த நாளிலிருந்தா, பயிற்சி முடிந்த நாளிலிருந்தா? மூன்று மாதப் பயிற்சி இருந்திருந்தால் உங்கள் 24 சத்தமில்லாமல் 27 ஆகிவிடும். நோட்டீஸ் காலம் பாண்டுக்குள் சேருமா, அல்லது பாண்டு முடிந்த பிறகுதான் ராஜினாமாவே கொடுக்க முடியுமா? இருந்த மாதங்களுக்கு ஏற்பத் தொகை குறையுமா? காகிதத்தில் தெளிவில்லையென்றால் எச்ஆருக்கு மெயில் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொன்னதற்கு ஆதாரம் இருக்காது.

'பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது' என்று நண்பர் சொல்லக்கூடும். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் விலகிய அதிகாரி இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். அது பொதுத்துறை வங்கி. எல்லாத் தனியார் பாண்டுக்கும் அப்படியே பொருந்தும் என்று இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். ஆனாலும் வெறும் காகிதம் என்று ஒதுக்கிவிட முடியாது. இன்னொன்று: பாண்டுத் தொகைக்கு மேல் ஜிஎஸ்டியும் கேட்டால் கட்டாதீர்கள். 2022 ஆகஸ்டில் வந்த மத்திய மறைமுக வரி வாரியச் சுற்றறிக்கை, இதற்கு ஜிஎஸ்டி கிடையாது என்று தெளிவாகச் சொல்கிறது.

இனி, இந்தப் பத்து மாதத்தில் என்ன செய்வது என்பது. நீங்கள் கேட்காவிட்டாலும் முக்கியமானது இதுதான். சப்போர்ட்டில் இருப்பவர் ரெஸ்யூமேயில் 'டிக்கெட்டுகளைக் கையாண்டேன்' என்று எழுதினால் யாரும் அடுத்த வரிக்குப் போக மாட்டார்கள். உங்கள் டிக்கெட்டுகளில் திரும்பத் திரும்ப வருவது எது என்று ஒரு மாதப் பட்டியல் எடுங்கள். டிஸ்க் 90 சதவீதம் நிறைந்துவிட்டது என்று இரவு இரண்டு மணிக்கு வரும் அலர்ட் நிச்சயம் அதில் இருக்கும். உள்ளே போய்ப் பழைய லாக் (log, நடப்பதைப் பதியும்) கோப்புகளை அழித்து, டிக்கெட்டை மூடுவீர்கள். நாலு நாளில் அதே சர்வர், அதே டிக்கெட். அடுத்த முறை அழிக்கும் முன், டியூ (du) கட்டளை போட்டு எந்த அடைவு (ஃபோல்டர்) வீங்குகிறது என்று பாருங்கள். பழைய லாக்கைத் தானாக நீக்கும் லாக்ரொட்டேட் அந்தக் கோப்புக்கு அமைக்கப்படாமல் இருக்கலாம். அல்லது எப்போதோ சோதனைக்காக லாக் நிலையை டீபக்கில் (எல்லா விவரத்தையும் பதியும் நிலை) வைத்தவர் திருப்பி மாற்ற மறந்திருக்கலாம். காரணத்தைக் குறித்து, முறைப்படி மாற்ற அனுமதி வாங்கிச் சரிசெய்யுங்கள். முன்பு மாதம் எத்தனை டிக்கெட், பிறகு எத்தனை என்ற இரண்டு எண்கள் கிடைத்தால் அதுதான் உங்கள் ரெஸ்யூமேயின் முதல் வரி. இப்படி மூன்று சேர்ந்தால் டெவ்ஆப்ஸ் (மென்பொருளை வெளியிடுவதையும் சர்வர் பராமரிப்பையும் தானியங்கியாக்கும்) வேலைக்குத் தைரியமாகப் போகலாம். கூடவே, வேறு புராஜெக்டுக்கு மாற்றம் கேட்டு மேனேஜருக்கு இப்போதே எழுதிவைக்கவும். பெரும்பாலும் கிடைக்காது; கேட்டதற்குப் பதிவு இருக்கட்டும்.

24 மாதம் என்று நான் சொன்னது சில இடங்களில் செல்லாது. சம்பளம் இரண்டு மாதம் தள்ளிப்போனால், சம்பளத்தில் பிடித்த பிஎஃப் உங்கள் பாஸ்புக்கில் ஏறாமல் இருந்தால் (உடனே பாருங்கள், பலர் வெளியே வந்த பிறகுதான் பார்க்கிறார்கள்), நைட் ஷிஃப்டில் உடம்பு கெட்டால், உடனே கிளம்பலாம். ஒரு லட்சத்தைப் பேசித் தவணையில்கூட முடிக்கலாம்.

எப்போது போனாலும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடாதீர்கள். ரிலீவிங் லெட்டர் (பணி விடுவிப்புக் கடிதம்) இல்லாவிட்டால் அடுத்த கம்பெனியின் பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டுவீர்கள். கடைசி நாளுக்கு முன்பே சம்பளச் சீட்டுகளையும் ஃபார்ம் 16 எனும் வரிப் பிடித்தச் சான்றையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அன்று மாலையே லாகின் போய்விடும். அப்பா அம்மாவுக்கு அலுவலக மருத்துவக் காப்பீடு இருந்தால் அதுவும் அன்றோடு முடியும். புதிய இடத்தில் பழைய யுஏஎன் (வேலை மாறினாலும் மாறாத பிஎஃப்) எண்ணையே கொடுங்கள். பிஎஃப் பணத்தை எடுக்காமல் மாற்றிக்கொண்டால் சேவைக்காலம் தொடரும். ஐந்து வருடத்துக்குள் எடுத்தால் அது வரிக்கு உட்படும். பழைய கம்பெனி வெளியேறிய தேதியைப் பதியாவிட்டால், கடைசிப் பங்களிப்பு முடிந்து இரண்டு மாதம் கழித்து பிஎஃப் அமைப்பான இபிஎஃப்ஓவின் தளத்தில் நீங்களே பதியலாம். புதிய வேலையில் சேர்ந்த தேதிக்குப் பின்னால் அது போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் பிந்தினாலும் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்த்ததாகத்தான் பதிவு காட்டும்.

பெங்களூரு கம்பெனியிடம் "பாண்டு முடிந்து, இந்தத் தேதியில் சேர முடியும்" என்று நேராகச் சொல்லிப் பாருங்கள். காத்திருந்தால் சரி. இல்லையென்றாலும் 19ஆம் மாதத்தில் மறுபடி அவர்களுக்கே ஒரு மெயில் போடலாம்.