மாதிரியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், இது மறதி நோயா?

கேள்வி: எனக்கு வயது 66. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் 45 ஆண்டுகளாக வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். முன்பு மாதிரிக் கொலுசை ஒருமுறை பார்த்தால் போதும், கை தானாகப் போகும். இப்போது நாலு கண்ணிக்கு ஒருமுறை மாதிரியைப் பார்க்க வேண்டியிருக்கிறது. எடை சொல்லும் நேரத்தில் கைப்பேசி ஒலித்தால் எடை மறந்துவிடுகிறது. பழைய டிசைன்கள் மட்டும் அப்படியே நினைவிருக்கின்றன. மகன் மறதி நோய் என்று பயப்படுகிறான்.

பதில்: நீங்கள் சொல்பவை பெரும்பாலும் வயதோடு வருகிற மாற்றங்கள். பழைய டிசைன்கள் இருப்பது நீண்டகால நினைவில். இப்போது கேட்ட எடையைக் கை வேலை முடியும்வரை பிடித்து வைப்பது செயல்படு நினைவு. அது சிறிய தட்டு. இளைஞர்களுக்கே ஏறக்குறைய நான்கு விஷயங்கள்தான் அதில் தங்கும். வயதானால் தட்டும் சற்றுச் சுருங்குகிறது, அதிலிருப்பதும் எளிதில் தட்டிவிடப்படுகிறது.

இதைக் கண்ணின் அசைவில் காண முடியும். நம் கண் நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை இடம் தாவுகிறது. ஒரு சோதனையில் திரையின் இடப்பக்கம் புள்ளி மின்னும். அதைப் பார்க்காமல் உடனே வலப்பக்கம் பார்க்க வேண்டும். விதியை மனத்தில் வைத்துக்கொண்டே கண்ணின் இழுப்பை அடக்க வேண்டும், அது நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதியின் வேலை. முதியவர்கள் இதில் தாமதிக்கிறார்கள், புள்ளியின் பக்கமே அதிகம் தாவிவிடுகிறார்கள். உங்கள் கைப்பேசி மணியும் அந்தப் புள்ளியைப் போன்றதுதான். எடையை நீங்கள் கவனிக்காமல் விடவில்லை, மணியை ஒதுக்கித்தள்ளுவதுதான் முன்னைவிடக் கடினமாகியிருக்கிறது.

மாதிரியைத் திரும்பப் பார்ப்பதற்காக நீங்கள் வருந்துவதுதான் எனக்கு வருத்தம். 1995-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனா பல்லார்டும் மேரி ஹேஹோவும் வெளியிட்ட ஆய்வில், திரையில் வண்ணக் கட்டங்களால் ஆன ஒரு மாதிரியைப் பார்த்து அதே போல் அடுக்கச் சொன்னார்கள். அதில் பங்கேற்றவர்கள் ஒரு கட்டத்துக்கே பெரும்பாலும் இரண்டு தடவை மாதிரியைப் பார்த்தார்கள்: நிறத்துக்கு ஒருமுறை, இடத்துக்கு ஒருமுறை. மனத்தில் சுமப்பதைவிடக் கண்ணை அனுப்பிப் பார்ப்பது எளிது, அவ்வளவுதான். மாதிரியைத் தொலைவில் வைத்ததும் அதைத் திரும்பிப் பார்ப்பது குறைந்தது, நினைவின் சுமை கூடியது. ஆகவே மாதிரியைக் கைக்கு அருகிலேயே, நல்ல வெளிச்சத்தில் வையுங்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் பாருங்கள். எடையைக் கேட்ட உடனே சிலேட்டில் எழுதிவிட்டுப் பிறகு பேசுங்கள். வேலை நேரத்தில் கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும்.

ஆனாலும் சில பரிசோதனைகளைத் தள்ளிப்போட வேண்டாம். முதலில் கண்: புரை இருந்தாலோ, கண்ணாடி பட்டறையில் வேலை செய்யும் தூரத்துக்குப் பொருந்தாவிட்டாலோ, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியதாகும். பிறகு ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் பி12. தூக்க மாத்திரைகளும், சளி, அரிப்புக்கான சில பழைய வகை மாத்திரைகளும் முதியவர்களின் நினைவை மங்கச் செய்யும். சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். நினைவாற்றலுக்கு என்று விற்கும் மாத்திரைகளுக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

பழகிய கொலுசு வேலையின் படி வரிசையே குழம்பினால், பட்டறையிலிருந்து வீட்டுக்குப் போகும் தெரு பிடிபடாவிட்டால், கூலிக் கணக்கில் அடிக்கடி தவறினால், ஒரே கேள்வியைச் சில நிமிடங்களில் மீண்டும் கேட்டால், நரம்பியல் மருத்துவரைப் பார்க்கத் தாமதிக்க வேண்டாம். அப்போது உங்கள் மகனையும் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் கவனிக்காமல் விட்டதை அவர்தான் சொல்ல முடியும்.