தாடை மூட்டு வலியும் டைக்ளோஃபினாக்கும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஆத்தாவுக்கு 68 வயது. தாடை மூட்டில் வாதம் என்கிறார்கள். காதுக்கு முன்னால் ஆரம்பித்து நெற்றிப்பொட்டு வரை வலி இழுக்கிறது. மெடிக்கலில் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை வாங்கி இரண்டு மாதமாகப் போடுகிறார். பிரஷர் மாத்திரையும் உண்டு. நரம்பே வீக்கத்தைக் கூட்டும் என்றார் டாக்டர். அதற்கு இந்த மாத்திரை கேட்குமா?

மெ., காரைக்குடி

அன்புள்ள மெ.,

ஓரளவு கேட்கும். ஆனால் இரண்டு மாதம் தொடர்ந்து போடுகிறார் என்பதுதான் எனக்குக் கவலை. இந்த வகை மாத்திரை வயிற்றில் புண் உண்டாக்கும், பிரஷரை ஏற்றும், இதயத்துக்கும் ஆகாது. சில பிரஷர் மாத்திரைகளோடு, அதுவும் நீர் பிரிய வைக்கும் மாத்திரையோடு சேர்ந்தால் சிறுநீரகம் கெடலாம். பிரஷர் மாத்திரையை நிறுத்தாமல், இந்த வாரமே எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டுங்கள். மலம் கருப்பாகப் போனால் அன்றைக்கே ஓடுங்கள்.

இனி நரம்பு. தாடை மூட்டின் வலியை மூளைக்குக் கொண்டுபோகும், ட்ரைஜெமினல் என்ற முக நரம்பின் கிளைதான் காதோரமாக நெற்றிப்பொட்டுக்கும் போகிறது. ஆத்தாவின் வலி அந்த வழியில் பரவுவது அதனால்தான். அந்த நரம்பு வலியைச் சொல்வதோடு நிற்பதில்லை. மூட்டுக்குள் இருக்கும் அதன் நுனிகள் சப்ஸ்டன்ஸ் பி, சி.ஜி.ஆர்.பி. என்ற பொருட்களைச் சுரக்கின்றன. ரத்தக்குழாய்கள் விரிந்து நீர் கசிகிறது, மூட்டு வீங்குகிறது, வீங்கிய மூட்டு நரம்பை மறுபடி சீண்டுகிறது.

வலி மாத்திரை தடுப்பது ப்ராஸ்டாகிளாண்டின் என்ற வேறொரு பொருளை. இதே வகையைச் சேர்ந்த ஆஸ்பிரின் அப்படித்தான் வேலை செய்கிறது என்று ஜான் வேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1971இல் காட்டினார். நரம்பு நுனிகளை எளிதில் சீண்டப்படும்படி வைப்பதில் ப்ராஸ்டாகிளாண்டினுக்குப் பெரிய பங்கு உண்டு. அது குறைந்தால் நரம்பின் சுரப்பும் கொஞ்சம் அடங்கும். நேரடியாக அல்ல, சுற்றுவழியில் கிடைக்கும் பலன்தான். அதனால் மாத்திரையை நாள்கணக்கில் நீட்டுவதைவிட, மூட்டுக்கு ஓய்வு தருவது முக்கியம். சீப்புச் சீடை, முறுக்கு, பாக்கு எதுவும் இப்போது வேண்டாம். இடியாப்பம், பால் பணியாரம், கும்மாயம் என்று நம் பக்கத்திலேயே மெத்தென்ற பண்டங்களுக்கு என்ன குறை? மேலே தடவும் ஜெல் போதுமா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். அதில் மருந்து ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு.

அப்புறம், ஒன்றைக் கவனியுங்கள். உணவை மென்றுகொண்டிருக்கும்போது வலி கூடி, மெல்லுவதை நிறுத்தினால் விடுகிறதா? தலை சீவும்போது மண்டைத்தோல் நோகிறதா? பார்வை மங்குகிறதா? இந்த வயதில் அது நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயின் அழற்சியாக இருக்கலாம். கவனிக்காவிட்டால் கண்ணே போய்விடும். இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் சொல்லி, அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.