இலங்கைச் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை: சுருக்கத்தில் போகும் புள்ளி

தங்கச்சி, கம்பஸ் மூன்றாம் வருடப் படிப்போடு தயாராகிறீர்கள், மாதிரிப் பரீட்சையில் மொழிப் பேப்பர்தான் கவிழ்த்தது என்கிறீர்கள். அப்படியென்றால் முதலில் அதில் வரும் சுருக்கம் எழுதும் கேள்வியைப் பிடியுங்கள். மூன்றிலொன்றாகச் சுருக்கச் சொன்னால் 240 சொல் பந்தி 80 ஆக வேண்டும். மூல வசனங்களை வெட்டி ஒட்டினால் புள்ளி வராது. இரண்டு தரம் வாசியுங்கள், தாளை மறையுங்கள், மனதில் நிற்கும் நாலைந்து கருத்தை உங்கள் சொல்லில் எழுதிவிட்டு எண்ணுங்கள். உதாரணங்களும் மேற்கோள்களும் போகட்டும். 'ஆனால்', 'ஆகவே' போனால் வாதமே தலைகீழ்.

பொது அறிவுக்கு அரசியலமைப்புத் திருத்தங்களை வருடத்தோடு படியுங்கள்: 13 என்றால் 1987, 19 என்றால் 2015, 21 என்றால் 2022. அடிப்படை உரிமை வழக்கு 126ஆம் உறுப்புரையில் உயர் நீதிமன்றத்துக்கு (சுப்ரீம் கோர்ட்). எழுத்தாணை (அரச அதிகாரிகளின் முடிவைக் கேள்வி கேட்கும் 'ரிட்' மனு) 140இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு. இந்த இரண்டையும் தவறுதலாக மாற்றி எழுதிவிடுவது சுலபம், கவனம். நுண்ணறிவுப் (IQ) பகுதிக்கு பாஸ் பேப்பரும் மணிக்கூடும் போதும், டியூஷன் தேவையில்லை.