அந்த டெலிவரி சலான்களை அடுக்கியது யார்?

திருப்பூரில் நிட்டிங் ஜாப் ஒர்க் (மற்ற கம்பெனிகளுக்குத் துணி பின்னிக் கொடுப்பது) செய்யும் ஒருவர், மகளின் மேல்படிப்பு பற்றி யோசனை கேட்க மனைவி, மகளோடு என்னிடம் வந்திருந்தார். பெண் பி.காம் கடைசி வருடம். வெளிநாட்டில் எம்.பி.ஏ. என்று வீட்டில் முடிவாகிவிட்டது. பெரியப்பா மகன் போயிருக்கிறான், இவள் போகாவிட்டால் எப்படி? செலவு 35 லட்சம். வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைக்க வேண்டும். "லோன் கிடைச்சுருங்களா சார்?" என்பதுதான் அவர் கேள்வி.

கிடைக்கும், கவலைப்படாதீர்கள் என்று ஆரம்பித்தேன். அதற்குள் அந்த அம்மா பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். ஒரு பார்ட்டி 11 லட்சம் பாக்கி வைத்துக் கொடுத்த செக் ரிட்டர்ன் ஆகிவிட்டதாம். வக்கீலிடம் கொடுக்க பில், டெலிவரி சலான் (சரக்கு ஒப்படைத்த சீட்டு), லெட்ஜர் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கியது இந்தப் பெண்தான். அப்போது இரண்டு சலானில் சரக்கு வாங்கியவர் கையெழுத்து இல்லை என்று கண்டுபிடித்திருக்கிறாள். டெம்போ டிரைவரைப் பிடித்து, சரக்கு இறக்கிய அன்று அவர் எடுத்த போட்டோவை வாங்கிச் சேர்த்திருக்கிறாள்.

லோன் பேச்சை அங்கேயே நிறுத்தினேன்.

ஐயா, உங்கள் மகள் செய்தது வணிக வழக்கறிஞரின் வேலை. வக்கீல் என்றதும் உங்கள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். "பொண்ணுப் புள்ளை கோர்ட்டு வாசல்ல நிக்கறதுங்களா?" என்றீர்கள். நீங்கள் நினைக்கும் கோர்ட் வேறு. 2015-ல் வணிக நீதிமன்றச் சட்டம் வந்தது. முதலில் ஒரு கோடிக்கு மேற்பட்ட தகராறுகளுக்கு மட்டும்தான். 2018-ல் அந்த வரம்பை 3 லட்சமாகக் குறைத்தார்கள். அதாவது உங்களைப் போன்றவர்களின் பாக்கியும் இப்போது அங்கே போகலாம். அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வழக்கென்றால் முதலில் சமரசப் பேச்சுக்குப் போயாக வேண்டும். சம்மன் கிடைத்த எதிராளி 30 நாளில் பதிலுரை போட வேண்டும். இழுத்தாலும் 120 நாள்தான், அதற்குப் பிறகு அந்த உரிமையே போய்விடும். வாய்தா வாங்கியே ஓட்டுகிற பழைய வித்தை அங்கே எடுபடாது.

இதற்கு மேடைப் பேச்சு தேவையில்லை. லெட்ஜரில் பொய் எந்த வரியில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். பி.காம் படித்தவளுக்கு அது கைவந்த கலை. செக் வழக்கென்றால், பேங்கிலிருந்து ரிட்டர்ன் மெமோ வந்து 30 நாளில் நோட்டீஸ், அது கிடைத்ததும் பணம் கட்ட எதிராளிக்கு 15 நாள், பிறகு ஒரு மாதத்துக்குள் புகார். ஒரு தேதி தவறினால் வழக்கே ஆட்டம் கண்டுவிடும். அந்த டிரைவர் போட்டோவைக்கூட வெறும் பிரிண்ட்டாக நீட்ட முடியாது. புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். உங்கள் யூனிட் சிறுதொழிலாகப் பதிவானதா? அப்படியானால் 45 நாளைத் தாண்டிய பாக்கிக்கு, ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். இத்தனை வருடம் கேட்டீர்களா? (கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்பீர்கள். தெரியும்.)

வழி இதுதான். டிகிரி மார்க்கை வைத்து அரசு சட்டக் கல்லூரியில் மூன்று வருட எல்.எல்.பி. கட்டணம் நீங்கள் போட்ட கணக்கின் பக்கத்திலேயே வராது. வக்கீலாகப் பதிவு செய்யும் என்ரோல்மென்ட் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய்க்கு மேல் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2024-ல் சொல்லிவிட்டது. அகில இந்திய பார் தேர்வையும் எழுதித் தேற வேண்டும். பிறகு கோவையிலோ சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரிஜினல் சைடிலோ (மேல்முறையீடாக இல்லாமல் வழக்கை முதலிலேயே விசாரிக்கும் பிரிவு) சிவில் வழக்கு நடத்தும் சீனியரிடம் ஜூனியர். கம்பெனி திவால் வழக்குகளில் ஆர்வம் வந்தால் சென்னையிலேயே கம்பெனி லா தீர்ப்பாயம் இருக்கிறது.

இனிப்பாக மட்டும் சொல்ல மாட்டேன். முதல் நாலைந்து வருடம் கையில் காசு நிற்காது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் 20,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று 2024-ல் உத்தரவு வந்தது. எல்லா சீனியரும் கொடுப்பதில்லை. அந்த வருடங்களுக்கு வீட்டிலிருந்து மாதம் பத்தாயிரம் அனுப்ப வேண்டியிருக்கும். 35 லட்சத்தைப் பத்து வருடத்துக்கு 11 சதவீத வட்டியில் வாங்கினால் மாதத் தவணை சுமார் 48,000. இரண்டையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

பெரியப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள், அவள் இல்லை. அந்த அறையில் ஒன்றரை மணி நேரத்தில் எம்.பி.ஏ. பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. 63-வது பிரிவு என்றதும் பேனாவை எடுத்தாள்.

செமஸ்டர் லீவில் ஒரு வாரம் உங்கள் வக்கீலோடு கோர்ட்டுக்குப் போகட்டும். திரும்பி வந்து என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள். அதுவரை பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.