பழைய பெலோஜியா: போட்டதும் நெயில் பாலிஷ் நெடி

அந்தப் பழைய பெர்ஃபியூமைக் கொட்டிவிடாதீர்கள். ராயபுரம் வீட்டு பீரோவில் கிடைத்த பெலோஜியா (காரோன் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் பெர்ஃபியூம்), போட்டதும் நெயில் பாலிஷ் நெடி அடிக்கிறது என்கிறீர்கள். கெட்டது பெரும்பாலும் மேல்வாசனை, அதாவது போட்டதும் முதலில் வரும் வாசனை மட்டும்தான். காற்றும் வெளிச்சமும் பட்டால் எலுமிச்சை வகை எண்ணெய்கள்தான் முதலில் போகும். 1927-இல் எர்னஸ்ட் டால்ட்ராஃப் உருவாக்கிய இந்தப் பெர்ஃபியூமின் உயிர் கார்னேஷன் பூ. அந்த வாசனைக்கு அடிப்படை யூஜினால் என்ற வேதிப்பொருள். நம் கிராம்பில் இருப்பதும் அதுவே. அது லேசில் போகாது.

சோதித்துப் பாருங்கள்:

1. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு, ஃபேன் காற்று படாமல் 20 நிமிடம் வையுங்கள். கிராம்பும் ரோஜாவும் கலந்தாற்போல் வந்தால் தாராளமாகப் போடலாம்.

2. ஒரு மணி நேரம் கழித்தும் காறல் எண்ணெய் வாடை இருந்தால் கடைசிவரை நிற்க வேண்டிய அடிவாசனையும் போய்விட்டது.

போடும்போது பாட்டில் வாயில் விரல் வைக்காதீர்கள். தோலின் எண்ணெய் உள்ளே இறங்கும். இயர்பட்ஸில் தொட்டு, இரண்டு இடம் போதும். கடலோரப் புழுக்கத்தில் பகலில் இது திகட்டும். பொழுது சாய்ந்தபின் போட்டால்தான் அந்தப் பூவின் அழகு தெரியும், அவ்வளவு நல்ல வாசனை!

ஒரு எச்சரிக்கை: யூஜினால் சிலருக்கு அலர்ஜி. முழங்கை மடிப்பில் சிறிது தடவி இரண்டு நாள் பாருங்கள். பழைய பெர்ஃபியூம்களில் பெர்கமோட் (எலுமிச்சை வகைப் பழம்) எண்ணெய் இருந்தால், வெயில் பட்ட இடம் கறுத்துவிடலாம். கழுத்தில் போட்டுக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். வெள்ளைச் சட்டையில் கறையும் பிடிக்கும்.