டிபி, எச்ஐவி ரெண்டும் சேர்ந்தா: இடம் மாறி வாழுறவங்க கேட்ட கேள்விகள்

கேள்வி: நாங்க ஆடுமாடு ஓட்டிக்கிட்டு இடம் மாறிக்கிட்டே இருப்போம். அண்ணன் ஒரு மாசமா டிபி மாத்திரை சாப்பிடுறார், அடுத்த வாரம் கிளம்பணும். என்ன பண்றது டாக்டர்?

பதில்: தாராளமா கிளம்புங்க, ஆனா சொல்லாம கிளம்பாதீங்க. வழக்கமான டிபி ட்ரீட்மெண்ட் 6 மாசம், முதல் 2 மாசம் நாலு மருந்து, மிச்சம் 4 மாசம் ரெண்டு இல்லன்னா மூணு மருந்து, இதுல கொஞ்ச வாரத்துலயே இருமல் குறைஞ்சு உடம்பு தேறின மாதிரி இருக்கும், அங்கதான் பலபேர் நிறுத்திடுறாங்க, அப்புறம் அதே டிபி மருந்துக்கு அடங்காததா திரும்பி வருது. அதனால ஹெல்த் சென்டர்ல போய் எந்த வழியா போறீங்கன்னு சொல்லுங்க, ஊர் பேர் தெரியலயா, எந்தச் சந்தைக்குப் பக்கத்துல, எந்தக் கிணத்துல தண்ணி காட்டுவீங்கன்னு சொன்னாலே அவங்க அடுத்த சென்டரைக் கண்டுபிடிச்சுடுவாங்க. வழிக்கு வேண்டிய மாத்திரைக்கு மேல கொஞ்சம் கூடுதலா கேளுங்க. ட்ரீட்மெண்ட் கார்டை போட்டோ எடுத்து கூட வர்ற இன்னொருத்தர் போன்லயும் வைங்க. எச்ஐவி டெஸ்ட் எடுத்தாச்சான்னும் கேட்டுடுங்க.

கேள்வி: இருமலுக்குப் போனா எச்ஐவி டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க. எங்கமேல சந்தேகமா?

பதில்: சந்தேகமே இல்லங்க. டிபி உள்ள எல்லாருக்கும் எச்ஐவி டெஸ்ட் எடுக்கணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. உடம்புக்குள்ள சும்மா தூங்கிட்டிருக்கிற டிபி கிருமி, எச்ஐவி எதிர்ப்பு சக்திய குறைச்சதும் எழுந்துக்கும். பாசிட்டிவ்னா டிபி மாத்திரை தொடங்கின 2 வாரத்துக்குள்ள ஏஆர்டியும், அதாவது எச்ஐவிய அடக்குற மாத்திரையும் தொடங்கணும் (மூளைக்காய்ச்சல் டிபிக்கு மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடுவாங்க). இன்னொண்ணு, இடம் மாறுறவங்க டிபி மருந்த ஒரு ஊர்லயும் ஏஆர்டிய வேற ஊர்லயும் வாங்குறது சகஜம், அங்கதான் எனக்குப் பயம், ஏன்னா டிபி மாத்திரையில இருக்கிற ரிஃபாம்பிசின்ங்கிற மருந்து, ஏஆர்டியில வர்ற டோலுடெக்ராவிர்ங்கிற மருந்தோட அளவ ரத்தத்துல குறைச்சுடும், அதனால டோலுடெக்ராவிர வழக்கமா ஒரு வேளை சாப்பிடுறத ரெண்டு வேளையா மாத்தணும். ரெண்டு இடத்துலயும் எல்லா மாத்திரையையும் எடுத்துக் காட்டுங்க.

கேள்வி: எச்ஐவி இருக்கு. சளி டெஸ்ட்ல ஒண்ணுமில்லன்னாங்க, ஆனா எடை குறையுது, ராத்திரி வேர்த்துக் கொட்டுது.

பதில்: அந்த ரிசல்ட்ட வச்சு விட்டுடாதீங்க. எச்ஐவி உள்ளவங்களுக்கு சளியில கிருமி கம்மியா இருக்கும், மைக்ராஸ்கோப்ல தப்பிச்சுடும், எக்ஸ்ரே கூட சுத்தமா இருக்கலாம். டிபி கிருமியோட மரபணுவத் தேடுற ஜீன்எக்ஸ்பர்ட் டெஸ்ட் கேளுங்க. சிறுநீர்ல பாக்குற லாம் டெஸ்ட்டும் இருக்கு, அரைமணி நேரத்துக்குள்ள ரிசல்ட், நாளைக்கு கிளம்புறவங்களுக்கு அது பெரிய உதவி, ஆனா அதுல நெகட்டிவ்னு வந்தாலும் டிபி இல்லன்னு முடிவு பண்ணக்கூடாது. உங்களுக்கு இருமல், காய்ச்சல், ராத்திரி வேர்வை, எடை குறையுறது இதுல ஒண்ணு இருந்தாலே சோதிக்கணும், இருமல் எத்தனை நாளான்னு எண்ணிக்கிட்டு இருக்கவே வேண்டாம். டிபி இல்லன்னு உறுதியாச்சுன்னா தடுப்பு மாத்திரை கேளுங்க, வாரம் ஒருதடவைன்னு 12 வாரத்துல முடியுற வகையும் இருக்கு.

கேள்வி: மாத்திரை போட்டதும் சிறுநீர் ஆரஞ்சு கலர்ல போகுது, நிறுத்திடவா?

பதில்: வேண்டாம், அது மருந்தோட கலர்தான். கண்ணு மஞ்சளாச்சுன்னா உடனே போங்க.

கேள்வி: பச்சைப்பால் குடிச்சா டிபி வருமா?

பதில்: மாட்டுக்கு டிபி இருந்தா வரலாம். காய்ச்சிக் குடிங்க.

கேள்வி: தங்கச்சிக்கு ரெண்டும் இருக்கு. கூட்டத்தை விட்டு அனுப்பிடணும்னு பெரியவங்க சொல்றாங்க.

பதில்: அனுப்பினா மருந்து நின்னுடும், அவங்க உயிருக்கே ஆபத்து. தட்டு, துணி, ஒண்ணா சாப்பிடுறது இதுலெல்லாம் ரெண்டும் பரவாது. டிபி காத்துல பரவும், அதனால மருந்து வேலை செய்ய ஆரம்பிக்கிற முதல் ரெண்டு மூணு வாரம் கூடாரத்தத் திறந்து வச்சு காத்தோட்டமா தனியாப் படுக்கட்டும், வாயை மூடி இருமட்டும். கூட இருக்கிற எல்லாரும், முக்கியமா சின்னப் பிள்ளைங்க, டிபி டெஸ்ட் எடுத்துக்குங்க. அந்தப் பெரியவங்களையும் அன்னிக்கே கூட்டிட்டுப் போங்க, நர்ஸ் நேர்ல சொன்னா கேப்பாங்க. எச்ஐவி விஷயத்த மட்டும் தங்கச்சி சம்மதம் இல்லாம யார்கிட்டயும் சொல்லாதீங்க.