வண்டி கேள்வி பதில்: ஏற்காட்டு ஏற்றத்தில் சூடாகும் பிக்கப்

கேள்வி: ஏற்காட்டில் கட்டட வேலை எடுத்திருக்கிறோம். பிக்கப்புக்குப் பின்னால் கலவை மெஷினை மாட்டி, மேலே சிமென்ட் மூட்டையும் ஏற்றிக்கொண்டு காலை 11 மணி வாக்கில் சேலத்திலிருந்து கிளம்புகிறோம். சமதளத்தில் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டுவதே இல்லை. மலையில் ஏழெட்டு வளைவு போனதும் ஏற ஆரம்பித்துவிடுகிறது. தண்ணீர் குறையவில்லை. கோளாறு எங்கே இருக்கும்?
கட்டட ஒப்பந்ததாரர், அஸ்தம்பட்டி

பதில்: முதலில் வண்டி செய்யும் வேலையைப் பாருங்கள். வண்டி, மூட்டை, மெஷின் எல்லாம் சேர்த்து மூன்றரை டன் என்று வைத்துக்கொள்வோம். அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம். அவ்வளவு எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டுமே சுமார் 11 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி வேண்டும். டீசலில் இருக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். மீதி சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாகத்தான் வெளியேற வேண்டும். சமதளத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். கொண்டை ஊசி வளைவில் 15, 20 கிலோமீட்டர் வேகத்தில் அந்தக் காற்று கிடையாது. முழுப் பொறுப்பும் ஃபேன் தலையில் விழுகிறது. அதனால்தான் சமதளத்தில் வெளியே தெரியாத குறை மலையில் தெரிகிறது.

தண்ணீர் குறையவில்லை என்பதால் நான் முதலில் சந்தேகப்படுவது காற்றோட்டத்தைத்தான். முன்பக்க கிரில்லுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஏ.சி. கண்டென்சர், இன்டர்கூலர், ரேடியேட்டர் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். முன்னால் இருப்பது சுத்தமாகத் தெரியும். குப்பை இடையில்தான் அடைத்திருக்கும். உங்கள் வண்டி சிமென்ட் தூசியில் நிற்கிற வண்டி. அதை அப்படியே வாட்டர் சர்வீஸுக்கு விட்டால் தூசி நனைந்து, தகடுகளுக்கு நடுவில் இறுகிப்போகும். முதலில் பஞ்சர் கடை கம்ப்ரஸரில் மிதமான காற்று வைத்து, ஃபேன் பக்கத்திலிருந்து முன்பக்கமாக ஊதுங்கள். தூசி வந்த வழியே வெளியேற வேண்டும். தூசி வருவது நின்ற பிறகு, அதே திசையில் சாதாரண ஹோஸ் தண்ணீர். பிரஷர் கன்னைப் பக்கத்தில் பிடித்தால் தகடுகள் மடங்கிவிடும். மடங்கிய தகடு வழியே காற்று போகாது.

அடுத்தது விஸ்கஸ் ஃபேன். பெரும்பாலான பிக்கப்களில் ஃபேனுக்கு நடுவில் வட்டமாக ஒரு கிளட்ச் இருக்கும், உள்ளே சிலிக்கான் எண்ணெய். ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடானால் அது ஃபேனை இறுகப் பிடித்து வேகமாகச் சுற்றவைக்கும். எண்ணெய் கசிந்துவிட்டால் பிடிக்காது. ஃபேன் சுற்றுகிற மாதிரி இருக்கும், காற்று இழுக்காது. மலையேறி நன்றாகச் சூடான வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, கையில் துணி சுற்றி ஃபேனைத் தள்ளிப் பாருங்கள். கனமாகத் தடுக்க வேண்டும். ஒரு தள்ளுக்கு மூன்று நான்கு சுற்று தாராளமாகச் சுற்றினால் கிளட்ச் போய்விட்டது. நடுவிலிருந்து விளிம்பை நோக்கிக் கதிர் கதிராக எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தாலும் அதே அர்த்தம்தான். (எலெக்ட்ரிக் ஃபேன் உள்ள வண்டிக்கு இந்தச் சோதனை கூடாது. நிறுத்திய பிறகும் அது தானாகச் சுற்றும்.) ஃபேனைச் சுற்றி உள்ள பிளாஸ்டிக் கூடு உடைந்திருந்தாலும், முன்பு யாராவது கழற்றி மாட்டாமல் விட்டிருந்தாலும் திரும்பப் போடுங்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியே இழுக்காமல் பக்கவாட்டுக் காற்றையே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஓட்டும் முறைக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் டீசல் மிச்சமாகும் என்று மூன்றாவது கியரிலேயே 1,200, 1,300 ஆர்.பி.எம்.மில் (எஞ்சின் ஒரு நிமிடத்தில் சுற்றும் சுற்று) ஆக்சிலேட்டரைத் தரை வரை மிதித்து ஏற்றுகிறார்கள். எஞ்சினுக்கு இதைவிடக் கொடுமை இல்லை. வாட்டர் பம்பும் ஃபேனும் எஞ்சின் சுற்றும் வேகத்தில்தான் சுற்றும். மெதுவாகச் சுற்றும் எஞ்சினில் நிறைய டீசலைத் திணித்தால் வெப்பம் அதிகம், அதை அள்ளிக்கொண்டு போகும் தண்ணீரும் காற்றும் குறைவு. இரண்டாவது கியருக்கு வந்து 2,000 முதல் 2,500க்குள் வைத்துக்கொண்டு, பாதி மிதியில் ஏறுங்கள். சத்தம் கூடும், பயப்பட வேண்டாம். ஆர்.பி.எம். மீட்டர் இல்லாத வண்டியில் ஒரு கணக்கு: இன்னும் கொஞ்சம் மிதித்தால் வண்டி வேகம் எடுக்க வேண்டும். எடுக்காமல் உறுமினால் கியர் தப்பு. வளைவுக்குள் நுழைந்த பிறகு கியர் மாற்றாதீர்கள், நுழைவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

11 மணிக்குக் கிளம்புவதையும் மாற்றச் சொல்வேன். சேலத்தில் கோடை மதியம் 40 டிகிரியைத் தொடும்போது மேலே ஏற்காட்டில் ஏழெட்டு டிகிரியாவது குறைவாக இருக்கும். ஆக, கடினமான பகுதி அடிவாரத்தை ஒட்டிய வளைவுகள்தான். அவற்றைக் காலை 8 மணிக்குள் தாண்டிவிட்டால் பாதிப் பிரச்சினை முடிந்தது. மே மாதக் கோடை விழா சமயத்தில் சுற்றுலா வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். சுமையோடு அந்த வரிசையில் ஊர்ந்து போவதைத் தவிர்த்தே ஆக வேண்டும்.

சிமென்டையும் மெஷினையும் ஒரே நடையில் கொண்டுபோக வேண்டாம். உங்கள் வண்டிக் கையேட்டில் இழுவை எடை எவ்வளவு என்று போட்டிருக்கிறதோ அதுதான் எல்லை. வண்டியின் முழுக் கொள்ளளவும் ஏற்றிவிட்டு, அதன் மேல் இழுவையும் சேர்ப்பது எந்த வண்டிக்கும் கணக்கில் இல்லாத பாரம். இன்னொன்று: கலவை மெஷினின் சக்கரங்கள் மலைப்பாதைக்கென்று செய்தவை அல்ல. அடிவாரத்தில் நிறுத்தி அதன் இரண்டு ஹப்பையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று வெதுவெதுப்பாகவும் மற்றொன்று கை வைக்க முடியாத சூடாகவும் இருந்தால் பேரிங்கில் கிரீஸ் இல்லை. அந்தச் சக்கரம் உங்கள் எஞ்சினைப் பின்னால் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது.

கேள்வி: "தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டால் வண்டி சூடாகவே ஆகாது, நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை" என்கிறார் மெக்கானிக். கழற்றலாமா?
ஓட்டுநர், ஓமலூர்

பதில்: கழற்றாதீர்கள். பல எஞ்சின்களில் இந்த வால்வுக்கு இரண்டு வேலை. 82 டிகிரி வாக்கில் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கத் தொடங்கும். முழுதாகத் திறக்கும்போது அடியில் உள்ள தட்டு பைபாஸ் துளையை மூடும். வால்வே இல்லையென்றால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவரும். மலையில் பாரம் இழுக்கும்போது முள் முன்பைவிட அதிகமாக ஏறும்.

சமதளத்தில் நேர்மாறான கெடுதல். எஞ்சின் வேண்டிய சூட்டுக்கே வராது. டீசல் அதிகம் குடிக்கும், எண்ணெய் கெடும். பி.எஸ். 6 வண்டியில் கூலன்ட் போதிய சூட்டுக்கு வராவிட்டால் புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்டர் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளாமல் அடைத்துக்கொள்ளும். அதைச் சரிசெய்யும் செலவு ஒரு வால்வின் விலையைப்போல் பல மடங்கு.

வால்வு மேல் சந்தேகம் இருந்தால் சோதிப்பது எளிது. அதை நூலில் கட்டி, ஒரு பாத்திரத் தண்ணீரில் அடி தொடாமல் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்துச் சூடாக்குங்கள். வால்வில் குத்தியிருக்கும் எண்ணை ஒட்டித் திறக்க ஆரம்பித்து, தண்ணீர் கொதிப்பதற்குள் 8 மில்லிமீட்டர் அளவுக்காவது திறந்தால் நல்ல வால்வு. இல்லையென்றால் அதே எண் போட்ட புதியது வாங்கிப் போடுங்கள்.

கேள்வி: எங்கள் வண்டிக்கு எப்போதும் தோட்டத்துப் போர் தண்ணீர்தான். கூலன்ட் மாற்றச் சொல்கிறார்கள். எவ்வளவு ஊற்ற வேண்டும்?
விவசாயி, வாழப்பாடி

பதில்: போர் தண்ணீரை இன்றோடு நிறுத்துங்கள். அதில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசிய உப்பு சூட்டில் படிந்து, எஞ்சினுக்குள்ளும் ரேடியேட்டர் குழாய்களிலும் ஓடு கட்டும். மேக்னசைட் என்ற மக்னீசியத் தாதுவை வெட்டி எடுக்கிற மண் நம் மாவட்டத்து மண். வீட்டில் வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ அதுவேதான் வண்டிக்குள்ளும் படிகிறது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் போதுமா என்றால், போதாது. துருவைத் தடுக்கும் மருந்து கூலன்டில்தான் இருக்கிறது. கொதிநிலையையும் அது உயர்த்துகிறது.

அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வண்டியின் மொத்தக் கொள்ளளவு 8 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். டிஸ்டில்டு வாட்டரால் இரண்டு மூன்று முறை கழுவி, அடிக் குழாயைத் திறந்து வடித்தால் 5 லிட்டர்தான் வெளியே வரும். 3 லிட்டர் எஞ்சின் பிளாக்குக்குள்ளேயே நிற்கும். இப்போது பாதிக்குப் பாதி கலந்த கூலன்டை 5 லிட்டர் ஊற்றினால் உள்ளே இருப்பது பாதி அல்ல, சுமார் 31 சதவீதம்தான். எனவே கலக்காத கான்சன்ட்ரேட் வாங்கி, முதலில் 4 லிட்டரை அப்படியே ஊற்றுங்கள். அதன் பிறகு டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர். அதிகம் ஊற்றினால் இன்னும் நல்லது என்று எண்ண வேண்டாம். தண்ணீரைவிடக் கூலன்ட் வெப்பத்தைக் குறைவாகத்தான் சுமக்கும்.

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், கையேட்டில் சொன்ன வகையைப் பார்த்து வாங்குங்கள். இரண்டு வகை கலந்தால் குழகுழவென்று படிந்து அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஊற்றிய பிறகு முன்பக்கம் சற்று மேடாக இருக்கும்படி நிறுத்தி, மூடியைத் திறந்துவைத்து ஐட்லிங்கில் ஓடவிடுங்கள். ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்துவையுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் காற்றுக் குமிழ் வந்து மட்டம் இறங்கும், நிரப்பி மூடுங்கள். மறுநாள் வண்டி ஆறியிருக்கும்போது இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

கேள்வி: பி.எஸ். 6 பிக்கப். கீழே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. ஆனால் மாதம் ஒரு லிட்டர் கூலன்ட் காணாமல் போகிறது. எங்கே போகிறது?
காபித் தோட்டக்காரர், நாகலூர்

பதில்: முதலில் செலவு குறைந்ததைப் பாருங்கள்: ரேடியேட்டர் மூடி. அதில் 0.9 அல்லது 1.1 என்று அழுத்த அளவு போட்டிருக்கும். ஏற்காட்டு உயரத்தில் வெறும் தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதிக்கும். மூடி 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டால் அதே தண்ணீர் 115 வரை தாங்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்த 20 டிகிரி பாதுகாப்பும் போச்சு. கொதித்துக் கொதித்து ஆவியாகவே வெளியேறும். வண்டி ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக் கிடந்தால் மூடியின் நடுவிலுள்ள சின்ன வால்வு ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். இரண்டுக்கும் மருந்து அதே அளவு புதிய மூடிதான்.

மூடி சரியாக இருந்தால் அடுத்து இ.ஜி.ஆர். கூலர். புகையைக் குளிர்விக்கும் இந்தப் பாகத்துக்குள் கூலன்ட் ஓடுகிறது. உள்ளே விரிசல் விட்டால் கூலன்ட் புகையோடு எரிந்து போய்விடும், தரையில் தடயமே இருக்காது. சூடான பிறகும் வெள்ளைப் புகை வருகிறதா, அதில் ஒரு இனிப்பு வாசனை அடிக்கிறதா என்று கவனியுங்கள். ஒர்க்‌ஷாப்பில் கூலரைத் தனியாகப் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்.

மூன்றாவது ஹெட் கேஸ்கட், அதாவது எஞ்சின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் தகடு. காலையில் ஆறிய வண்டியில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். உள்ளே இருக்கும் காற்று சற்று நேரத்தில் வந்து ஓய்ந்துவிடும். ஓயாமல் விடாது குமிழ் வந்தாலும், மூடி போட்டு ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலும், சிலிண்டர் அழுத்தம் தண்ணீருக்குள் வருகிறது. ஆயில் ஸ்டிக்கில் பால் காபி நிறம் தெரிந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

கேள்வி: ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு தொப்பூர் கணவாய் வழியாகத் தர்மபுரி போகிறோம். ஏற்றத்தில் ஆவி கிளம்பினால் எஞ்சினை அணைக்கலாமா, ஓடவிடலாமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
வாடகை வண்டி உரிமையாளர், கொண்டலாம்பட்டி

பதில்: இரண்டும் சரிதான், நிலைமையைப் பொறுத்தது. முள் ஏறுகிறது, ஆனால் ஆவி இல்லை, ஒழுகல் இல்லை என்றால் அணைக்காதீர்கள். ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, இடப்பக்கம் பாதுகாப்பாக ஒதுங்குங்கள். நியூட்ரலில் 1,200 முதல் 1,500 ஆர்.பி.எம்.மில் இரண்டு மூன்று நிமிடம் ஓடட்டும். முள் இறங்கும், டர்போவும் ஆறும். ஆவி வந்துவிட்டாலோ, கூலன்ட் ரோட்டில் கொட்டினாலோ, பெல்ட் அறுந்தாலோ உடனே அணையுங்கள். பம்ப் தள்ளுவதற்குத் தண்ணீர் இல்லாதபோது எஞ்சினை ஓட்டினால் ஹெட் வளைந்துவிடும்.

எந்த நிலையிலும் முதலில் ஹேண்ட்பிரேக், பிறகு வண்டிக்கும் டிரெய்லருக்கும் தனித்தனியாகக் கல் அண்டக் கொடுங்கள். மூடியை 45 நிமிடமாவது தொடாதீர்கள். மேல் ஹோஸைத் துணியோடு அமுக்கிப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது, இன்னும் பொறுங்கள். மூடியைக் கனத்த துணி போட்டுக் கால் சுற்று மட்டும் திருப்பி, சீற்றம் அடங்கிய பிறகு எடுங்கள். ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விட்டு, அரை அரை லிட்டராக மெல்ல ஊற்றுங்கள். காய்ந்த எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை மடமடவென்று கொட்டினால் ஹெட் விரிசல் விடும். அவசரத்துக்கு எந்தத் தண்ணீரையும் ஊற்றலாம், ஊர் வந்ததும் வடித்துவிட வேண்டும்.

கேள்வி: டேஷ்போர்டு முள் நடுவில் இருந்தால் நிம்மதியாக இருக்கலாமா?
வாசகர், சூரமங்கலம்

பதில்: முழு நிம்மதி கூடாது. பல வண்டிகளில் 80 டிகிரியானாலும் 100 டிகிரியானாலும் முள் நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். அது நகரத் தொடங்கும்போது தாமதமாகிவிட்டது என்று பொருள். ஸ்டியரிங்குக்கு அடியில் உள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் (மெக்கானிக் ஸ்கேனர் மாட்டும் இடம்) செருகும் சின்ன புளூடூத் கருவியை வாங்கி, கூலன்ட் எண்ணைப் போனில் பாருங்கள். ஏற்றத்தில் 90 முதல் 98 வரை சாதாரணம். 105 வந்தால் கியரையும் வேகத்தையும் குறைத்து ஏ.சி.யை நிறுத்துங்கள். 110க்குப் போகும் முன் ஒதுங்கிவிடுங்கள்.

கேள்வி: ஏற்காட்டிலிருந்து காலி டிரெய்லரோடு இறங்கும்போது கருகல் வாசனை வருகிறது. எஞ்சினா?
ஓட்டுநர், அயோத்தியாப்பட்டணம்

பதில்: இறக்கத்தில் எஞ்சின் ஆறத்தான் செய்யும். அது பிரேக். டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லாததால் அதன் எடையையும் உங்கள் பிரேக்தான் தாங்குகிறது. ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர். நியூட்ரல் கூடவே கூடாது. பிரேக்கில் காலை வைத்தே இறங்காமல், அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, காலை முழுதாக எடுத்து ஆறவிடுங்கள். மிதி இறங்கிப்போவது போல் தோன்றினால் அடுத்து வரும் அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வளைந்துவிடும். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் அடுத்த நடைக்கு முன் மாற்றிவிடுங்கள். ஈரம் உறிஞ்சிய பழைய ஆயில் சீக்கிரம் கொதித்துவிடும்.